1.022-இல் நின்றுபோன ஒயின்

ஒன்பது மாதம் இருட்டில் படுத்திருந்த பாட்டிலைப் போன வாரம் திறந்தோம். நன்றாக இருந்தது. மூன்று கொடி, மூன்று வருட வேலை, 12 கிலோ பழம், கடைசியில் கையில் நின்றது எட்டு பாட்டில். நடுவில் இரண்டு முறை எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றப் போனேன். ஒரு முறை ஊற்றியும் விட்டேன். அதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஒயின் செய்தவர்களின் வாழ்க்கைக் கதைகளை நான் வருடக்கணக்காக விரும்பிப் படித்து வந்தவன். போர் நடுவே அறுவடை செய்தவர், இருபத்தேழு வயதில் கணவனை இழந்தும் வியாபாரத்தை விடாதவர், முதலாளிக்குத் தெரியாமல் பீப்பாய்களை ஒளித்து வைத்தவர். அவற்றை நல்ல கதைகளாகத்தான் படித்தேன். என் குடுவையில் குமிழ் நின்றுபோன அன்று இரவு அதே கதைகளை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றும் ஒரு வேலைக் குறிப்பு என்று. எந்தக் கட்டத்தில் எது கெட்டது, அந்த மனிதர் அதை என்ன செய்தார் என்பது அதற்குள் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் என் வேலையும் அவர்கள் வேலையும் கலந்தே வரும்.

தொடங்கும் முன் ஒன்று. வீட்டில் ஒயின் செய்யலாமா, எவ்வளவு செய்யலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும் சட்டம். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடி

மூன்றும் ஒட்டுக் கன்றுகள். மேலே விதையுள்ள கறுப்பு மஸ்கட் வகை, கீழே வேறொரு வேர்ச்செடி. குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் இரண்டடி. மண்ணோடு கால் பங்கு மக்கிய எரு. இதுவரை சரி. செய்த தப்பு, கன்று ஆடாமல் நிற்கட்டும் என்று ஒட்டுப் போட்ட இடம் வரைக்கும் மண்ணை அணைத்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு கொடியைச் சுற்றிக் கிளறியபோது ஒட்டுக்கு மேலே, மஸ்கட் தண்டிலிருந்தே வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. அப்படி விட்டால் மேல்செடி தன் காலிலேயே நின்றுகொள்ளும். ஒட்டுப் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

இதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1860-களில் பிரான்ஸில் கொடிகள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்தன. 1868-ல் பிளாஞ்சோன் என்ற தாவரவியலாளரும் உடனிருந்தவர்களும் செத்த கொடியை விட்டுவிட்டு, பக்கத்தில் பச்சையாக நின்ற கொடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேரில் மஞ்சள் நிறப் பூச்சி மொய்த்திருந்தது. அதுதான் ஃபிலாக்ஸரா. கொடி சாகும் நேரத்தில் பூச்சி அடுத்த வேருக்குப் போய்விடும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேர்கள் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்று தெரிந்ததும் ஐரோப்பியக் கொடிகளை அவற்றின் மேல் ஒட்ட ஆரம்பித்தார்கள். டெக்ஸாஸில் டெனிசன் ஊர்க்காரர் தாமஸ் மன்சன் காடு காடாகத் திரிந்து சேர்த்த வகைகள் அதில் கைகொடுத்தன. 1888-ல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. இத்தனை பேர் உழைத்துக் கண்டுபிடித்த ஒட்டை நான் மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.

கத்தரியால் அந்த மேல்வேர்களை ஒவ்வொன்றாக வெட்டி, மண்ணை இறக்கி, ஒட்டு தரைக்கு மேல் நாலு விரல் தெரியும்படி செய்தேன். ஒரு கொடி இரண்டு வாரம் வாடி நின்று பிறகு எழுந்தது. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பந்தலுக்குப் பதில் கம்பி வேலி முறை. ஏழடிக் கம்பம் இரண்டு, இரண்டடி மண்ணுக்குள். இடைவெளி 18 அடி. தரையிலிருந்து மூன்றரை அடியில் ஒரு கம்பி, ஐந்தடியில் இன்னொன்று, இரண்டும் 12 கேஜ். கம்பியை முறுக்க ஒரு முனையில் டர்ன்பக்கிள். முதல் வருடம் அழகாக நின்றது. இலையும் காயும் ஏறிய பிறகு இரண்டு கம்பமும் உள்பக்கம் சாய்ந்து, கம்பி நடுவில் ஒரு முழம் தொங்கியது. காய் இருக்கும்போது கம்பத்தை நிமிர்த்துவது கஷ்டம். கொடியைத் தொடாமல், வெளிப்பக்கம் 45 டிகிரியில் இழுவைக் கம்பி கட்டி, மண்ணில் அடித்த இரும்பு முளையில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். நான்கு நாள் ஆயிற்று. கம்பம் நட்ட அன்றே இழுவைக் கம்பியும் கட்டியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

இரண்டாம் வருடம், கொட்டிய பழரசம்

இரண்டாம் வருடமே பூங்கொத்து வந்தது. கிள்ளி எறிந்துவிட்டுக் கொடியை வளர விட வேண்டும் என்று தெரியும். மனசு வரவில்லை. பதினோரு குலை விட்டேன். பழம் பழுத்தும் இனிப்பு ஏறவில்லை. மொத்தம் நாலு கிலோ. ஒரே நாளில் பறிக்காமல், பழுக்கப் பழுக்கப் பறித்து ஒரு மூடிய டப்பாவில் சேர்த்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது அடியில் இருந்த பழங்கள் நசுங்கித் தானாகவே நுரைத்துக்கொண்டிருந்தன.

எனக்கு அப்போது பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஏனென்றால் செர்ஜ் ஹோஷாரின் கதை மனசில் இருந்தது. லெபனானில் ஷாத்தோ முஸார் அவருடைய குடும்பத்தின் ஒயின் வீடு. தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில், ஒயின் செய்யும் இடம் மலைக்கு மறுபக்கம். 1975-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் பதினைந்து வருடம் நடந்தது. 1976-ல் அவரால் ஒயினே செய்ய முடியவில்லை. 1984-ல் பழ லாரிகள் போர்முனையைச் சுற்றிக்கொண்டு நாள்கணக்கில் தாமதமாகி வந்தன. வந்து சேரும்போது பழம் லாரியிலேயே நொதிக்க ஆரம்பித்திருந்தது. அதையும் அவர் ஒயினாக்கினார்.

சரி, அவருக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று அப்படியே பிசைந்து ஜாடியில் போட்டு, துணி கட்டி வைத்தேன். பழ ஈக்கள் துணியைச் சுற்றி மொய்த்தன. பத்தாம் நாள் மூக்கில் குத்தும் புளிப்பு. ஒயின் வினிகராகத் திரும்பிவிட்டது. கொட்டினேன்.

இந்த இடத்தில் நான் கதையைத் தப்பாகப் படித்திருந்தேன். ஹோஷார் பிரான்ஸின் போர்தோவில் எமில் பேனோ என்ற ஒயின் ஆசிரியரிடம் பாடம் படித்தவர். போருக்கு முன்பே பதினைந்து அறுவடைக்கு மேல் பார்த்தவர். லாரி லாரியாக வந்த பழத்தில் கிளம்பிய கரியமில வாயுவே மேலே போர்வையாக நின்றிருக்கும். என் நாலு கிலோ டப்பாவில் முக்கால்வாசி காற்று. காற்றும் ஈயும் சேர்ந்தால் வினிகர் பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாம் வருடம், பழம்

கவாத்தில் தைரியமாக வெட்டினேன். ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு கணு மட்டும். பார்க்க மொட்டை மரம் போல இருந்தது. துளிர்த்து, பூத்து, பூத்ததிலிருந்து 104-ஆம் நாள் பறித்தேன். ஒரு குச்சிக்கு ஒரு குலை என்று மற்றவற்றைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கத்தரித்துவிட்டேன். குலைக்கு முன்னால் இருக்கும் இலைகளில் இரண்டு மூன்றைக் கிள்ளிக் காற்றோட்டம் விட்டதில் சாம்பல் நோய் அவ்வளவாக வரவில்லை.

பறவைக்கு முதலில் காகிதப் பை கட்டினேன். ஒரு மழையில் பை ஒட்டிக்கொண்டு உள்ளே ஆறு குலை பூசணம் பிடித்தது. கழற்றிவிட்டு மெல்லிய மல் துணியில் பை தைத்துக் கட்டினேன். அடுத்த வருடத்துக்கும் அந்தப் பைகள் அப்படியே இருக்கின்றன.

வாரன் வினியார்ஸ்கி பற்றி இங்கே சொல்ல வேண்டும், என் மூன்றாம் வருடத்துக்கு நம்பிக்கை கொடுத்தவர் அவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், 1964-ல் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் நாபாவுக்கு வந்து ஒயின் கூடத்தில் கூலி வேலையிலிருந்து ஆரம்பித்தார். 1970-ல் ஸ்டாக்ஸ் லீப்பில் நட்ட கொடியிலிருந்து 1973-ல் எடுத்த கபர்னே (ஒரு கறுப்புத் திராட்சை வகை) ஒயின், 1976 மே மாதம் பாரிஸில் நடந்த பெயர் மறைத்த சுவைப்போட்டியில் போர்தோவின் பெரிய பெயர்களைத் தாண்டிச் சிவப்பில் முதலிடம் வாங்கியது. நட்டு மூன்றே வருடமான கொடி. வெள்ளையில் முதலிடம் வாங்கியதும் கலிஃபோர்னியாதான், குரோஷியாவிலிருந்து வந்து குடியேறிய மைக் கிர்கிச் செய்தது. இளம் கொடி என்றால் லாயக்கில்லை என்று நான் எதிலோ படித்துச் சோர்ந்திருந்தபோது இந்த வருடக் கணக்கைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

எல்லாவற்றையும் ஒரே காலையில், வெயில் ஏறுமுன் பறித்தேன். 12 கிலோ. நான்கு குலையிலிருந்து மேலே, நடுவில், நுனியில் என்று பழம் எடுத்துப் பிழிந்து அளந்தேன். 19 பிரிக்ஸ், அதாவது நூற்றுக்கு 19 பங்கு சர்க்கரை; ஹைட்ரோமீட்டரில் 1.079. ஹைட்ரோமீட்டர் தண்ணீரை 1.000 என்று வைத்து அடர்த்தியைக் காட்டும் மிதவை, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். எட்டு லிட்டர் ரசம் வரும் என்ற கணக்கில் 200 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் ரசத்திலேயே கரைத்துச் சேர்த்ததும் 1.088 வந்தது.

காம்பை எடுப்பதற்கு, பழம் அடுக்கும் ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குலையைத் தேய்த்தேன். பழம் விழும், காம்பு நிற்கும். 12 கிலோவுக்கு ஒரு மணி நேரம். 25 லிட்டர் உணவுத்தர வாளியில் கையாலேயே நசுக்கினேன். விதை உடையக் கூடாது, உடைந்தால் கசக்கும். வேண்டாத கிருமிகளை அடக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 0.9 கிராம், நகை நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்துக் கரைத்து ஊற்றினேன். ஒரு நாள் விட்டு ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்.

ஐந்து கிராம் ஒயின் ஈஸ்ட் பாக்கெட். 38 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து ஊற்றினேன். வேகமாகக் கிளம்பட்டும் என்று வாளியைச் சுற்றி ஒரு கம்பளியைச் சுற்றினேன். நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கம்பளிதான்.

நின்றது

அடுத்த நாள் காலை தோல் எல்லாம் மேலே கிளம்பி ஒரு சாண் கனத்துக்கு அடுக்காக மிதந்தது. தினம் மூன்று முறை கரண்டிக் காம்பால் அமுக்கிவிட்டேன். அமுக்கும்போது சர்ரென்று சீறும். வினியார்ஸ்கியின் அப்பா வீட்டு நிலவறையில் ஒயின் போடுவாராம். சின்ன வயதில் அந்தப் பீப்பாயில் காது வைத்து உள்ளே குமிழ் விடும் சத்தத்தை இவர் கேட்டிருக்கிறார். நானும் வாளியில் காது வைத்துக் கேட்டேன். தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம், நிற்காமல். முதல் மூன்று நாள் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் தூங்கப் போனதில்லை.

மூன்றாம் நாள் மாலை சத்தம் அதிகமாயிற்று. நல்லது என்று நினைத்தேன். அடியில் தெர்மாமீட்டர் விட்டால் 31 டிகிரி. கொஞ்சம் சூடு, பரவாயில்லை. மேலே மிதக்கும் தோலுக்குள் குத்திப் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றவே இல்லை. நாலாம் நாள் ஏதோ யோசனையில் குத்தினேன், 36 காட்டியது. அலறியடித்துக் கம்பளியைப் பிடுங்கினேன். நொதித்தல் தானே சூடு உண்டாக்கும், அதற்கு மேல் நான் போர்த்தியிருக்கிறேன். ஈஸ்ட் அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும்.

ஐந்தாம் நாள் 1.030. ஆறாம் நாள் 1.024. சுத்தமான துணியில் கட்டிப் பிழிந்து தோலைப் பிரித்தேன். ரசம் ஏழே முக்கால் லிட்டர். ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று, இரண்டு லிட்டர் ஒன்று, மிச்சம் ஒரு பாட்டில். இந்த முழு வேலையிலும் செலவில் பெரும்பங்கு அந்த இரண்டு குடுவைக்கும் ஏர்லாக்குக்கும்தான் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) போனது. செலவு செய்ததில் வருத்தமே இல்லை.

ஏழாம் நாள் 1.022. எட்டாம் நாள் 1.022. பத்தாம் நாளும் 1.022. ஏர்லாக்கில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றது. காது வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஆல்கஹால் எட்டரை சதவீதம் ஏறி நின்றுவிட்டது, லிட்டருக்கு 60 கிராம் போலச் சர்க்கரை பாக்கி. வாயில் வைத்தால் பாகு போல ஒட்டியது.

அன்று இரவுதான் பாப் டிரின்கேரோவை மறுபடி படித்தேன். நாபாவில் சட்டர் ஹோம் என்ற ஒயின் கூடம் அவர் குடும்பத்துடையது. ஜின்ஃபண்டல் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினை அடர்த்தியாக்க, நசுக்கியதும் கொஞ்சம் ரசத்தை வடித்து அதைத் தனியாக வெளிர் நிற ஒயினாகச் செய்து வந்தார். 1975-ல் அந்த ரசத்தில் சுமார் ஆயிரம் கேலன் நொதித்தல் பாதியில் நின்றது. இரண்டு சதவீதம் போலச் சர்க்கரை மிச்சம். அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். இரண்டு வாரம் கழித்துச் சுவைத்தால் இனிப்பும் இளஞ்சிவப்புமாக நன்றாக இருந்தது. அதை அப்படியே விற்றார். அதுதான் பிற்பாடு அமெரிக்கா முழுக்க ஓடிய வெள்ளை ஜின்ஃபண்டல்.

இந்தக் கதையை எத்தனையோ முறை அதிர்ஷ்டக் கதையாகப் படித்திருக்கிறேன். இப்போது என் கண் போனது அந்த இரண்டு வாரத்துக்கு. நின்றதும் பதறாமல், கொட்டாமல், மறுபடி சுவைத்துப் பார்த்துப் பிறகு முடிவெடுத்தார். என்னுடையதில் இனிப்பு அவருடையதைப் போல மூன்று மடங்கு, அதை அப்படியே ஒயின் என்று சொல்ல முடியாது. ஆனால் கொட்டாமல் இருப்பது என்னாலும் முடியும். அக்காவிடம் ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்து, "வாசம் நல்லாத்தான்டா இருக்கு. கெட்டுப் போகல. எதையாவது பண்ணு, கொட்டிடாத" என்றாள். எனக்கு அது போதும்.

மறுபடி கிளப்பியது

நின்றுபோன ஒயினில் நேராகப் புது ஈஸ்ட்டைத் தூவினால் பிழைக்காது. முதல் முறை அதைத்தான் செய்தேன், இரண்டு லிட்டர் குடுவையில். நாலு நாள் ஒரு குமிழும் இல்லை. ஆல்கஹால் ஏற்கெனவே ஏறிய இடத்தில் புதிதாக வரும் ஈஸ்ட் செத்துவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

ஆல்கஹாலைத் தாங்கும் இசி-1118 ஈஸ்ட் வாங்கினேன். 100 மில்லி வெந்நீர், 38 டிகிரி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஈஸ்ட் உணவு ஒரு சிட்டிகை. அரை மணி நேரத்தில் நுரைத்தது. அதில் 100 மில்லி நின்ற ஒயின். நுரை அடங்கி மறுபடி எழும் வரை காத்திருந்தேன், ஐந்து மணி நேரம். பிறகு 200 மில்லி. பிறகு 400. ஒவ்வொரு முறையும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே சேர்ப்பது, நன்றாகக் குமிழ் விட்ட பிறகுதான் அடுத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து சேர்த்தேன். இரண்டரை நாள் ஆயிற்று. 1.6 லிட்டர் ஆனதும் அது தானாகவே நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதை மீதி ஒயினோடு சேர்த்தேன். அறை வெப்பம் 24. கம்பளி அலமாரியில்.

மறுநாள் காலை ஏர்லாக் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒன்பது குமிழ். அந்தத் தூறல் சத்தம் குடுவைக்குள் மெல்லிசாகத் திரும்பி வந்திருந்தது. கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டு நாளில் 0.996. ஆல்கஹால் 12 சதவீதம் சுமார்.

மிச்சமிருந்த அந்த ஒரு பாட்டிலை மட்டும் டிரின்கேரோ மாதிரி இனிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்று கார்க் அடித்து அலமாரியில் வைத்தேன். இதை யாரும் செய்யாதீர்கள். ஈஸ்ட் நின்றுவிட்டது என்று நான்தான் நினைத்தேன். சில உயிரோடு இருந்திருக்கின்றன. ஆறு வாரம் கழித்து நடுராத்திரி வெடி வெடித்தது போலக் கார்க் தெறித்து, அலமாரிக் கதவு திறந்து, சுவரெல்லாம் சிவப்பு. கார்க் பறந்ததால் தப்பித்தேன், கண்ணாடி சிதறியிருந்தால் வேறு கதை. குமிழ் விடும் ஒயினுக்குப் பெயர்போன பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் ஒரு காலத்தில் பாட்டில்கள் இப்படி வரிசையாக வெடிக்கும், நிலவறைக்குப் போகிறவர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் போவார்கள். 1830-களில் ஜான் பாத்திஸ்ட் பிரான்சுவா என்ற மருந்தாளர் எவ்வளவு சர்க்கரை இருந்தால் எவ்வளவு வாயு வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அது குறைய ஆரம்பித்தது. இனிப்போடு வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

வண்டலும் ஓட்டைப் பலகையும்

மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சைஃபன் குழாய் போட்டுத் தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கால் லிட்டர் போகும். குறைந்த அளவுக்குத் தக்கபடி சின்னக் குடுவைக்கு மாற்றிக் கழுத்து வரை நிரப்பினேன், மேலே காற்று நின்றால் மறுபடி வினிகர்தான். கடைசியில் ஐந்து பாட்டில் தெளிவு, அடியில் வந்த மூன்று பாட்டில் கலங்கல்.

அந்த மூன்றுக்காக மேடம் கிளிக்கோவின் முறையைச் செய்து பார்த்தேன். பார்ப் நிக்கோல் கிளிக்கோவின் கணவர் 1805-ல் இறந்தபோது இவருக்கு 27 வயது. வியாபாரத்தைத் தானே ஏற்று நடத்தினார். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் தங்கும் வண்டலை எடுப்பது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. சமையலறை மேசையில் துளை போட்டுப் பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தி, தினம் கொஞ்சம் திருப்பி வண்டலைக் கழுத்துக்கு இறக்கினார் என்பார்கள். கூடத்து மேஸ்திரி அன்டோன் முல்லரோடு சேர்ந்து 1810-களில் அதை ஒழுங்கான முறையாக்கினார்.

ஒன்றரை அங்குலப் பலகையில் 32 மில்லிமீட்டர் ஓட்டை மூன்று போட்டேன். பலகையைச் சாய்த்து வைத்து, பாட்டில் அடியில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, தினம் ஒரு சின்ன உதறலோடு எட்டில் ஒரு பங்கு திருப்பினேன். பத்தாம் நாளிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், வண்டல் மெல்லிய மணல் கோடு போலச் சரிந்து கழுத்தை நோக்கி வரும். 23-ஆம் நாள் மூன்றிலும் கார்க்கின் மேல் ஒரு விரல் கனத்துக்கு அடைந்துவிட்டது. அந்தப் பெண்மணியின் கை வேலை அப்படியே பலித்ததைப் பார்க்க அத்தனை நிறைவு.

பிறகு கார்க்கைத் திறந்தேன். வண்டலும் ஒயினும் சேர்ந்து முழங்கை வரை ஓடியது. ஷாம்பெயினில் உள்ளிருக்கும் வாயு அழுத்தம்தான் வண்டலைத் தக்கையாக வெளியே தள்ளும், ஒயின் உள்ளே நிற்கும். என் ஒயினில் வாயு ஏது? முறை சரி, ஒயின் அதற்கானது அல்ல. மற்ற இரண்டைத் திறக்கவில்லை. மெதுவாக நிமிர்த்தி ஒரு மாதம் அசையாமல் வைத்து, ஊற்றும்போது அடியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். சிந்தியதில் பாதிப் பாட்டில் மிஞ்சியது. அதையும் கணக்கில் ஒரு பாட்டிலாகத்தான் வைத்திருக்கிறேன்.

காத்திருந்தது

இரண்டாம் மாதம் ஒரு பாட்டில் திறந்தேன். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. வாசமே இல்லை. இத்தனை பாடும் இதற்கா என்று மறுபடி சாக்கடை நினைப்பு வந்தது.

அப்போது என்னை நிறுத்தியவர் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் ஷூபர்ட். பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமை ஒயின்காரராக உயர்ந்தவர். 1950-ல் ஐரோப்பா போனபோது போர்தோவில் பல பத்தாண்டு பழைய ஒயின்களைச் சுவைத்துவிட்டு வந்து, 1951-ல் அதுபோல நீண்ட நாள் நிற்கும் ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். அதுதான் கிரேஞ்ச். இளசாகச் சுவைத்தவர்கள் கடுமையாகத் திட்டினார்கள். 1957-ல் நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அவர் 1957, 58, 59 மூன்று வருடமும் யாருக்கும் தெரியாமல் செய்து நிலவறையில் ஒளித்து வைத்தார். முதலில் செய்த ஒயின்கள் அதற்குள் பக்குவப்பட்டுவிட்டன. அவற்றைச் சுவைத்த நிர்வாகமே 1960-ல் மறுபடி செய்யச் சொன்னது.

நானும் ஏழு பாட்டிலைப் பெட்டியில் படுக்க வைத்து, மேலே தேதி எழுதி, ஏழு மாதம் தொடவில்லை. போன வாரம் திறந்தபோது துவர்ப்பு ஓரத்துக்குப் போய், ரோஜாவும் பழுத்த பழமுமாக மஸ்கட் வாசம் முன்னால் வந்திருந்தது. முதல் கரண்டியை வாங்கிக் குடித்த அக்காவுக்கே முழு டம்ளரையும் முதலில் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த முறைக்குக் குறித்து வைத்தவை இவை. கம்பளி கிடையாது. தோல் அடுக்குக்குள் காலை மாலை தெர்மாமீட்டர், 29-க்கு மேல் போனால் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை வாளிக்குள் இறக்குவது. ஈஸ்ட் உணவை ஆரம்பத்திலேயே கொடுப்பது, சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் இன்னொரு முறை. ஐந்து லிட்டருக்குப் பக்கத்தில் மூன்று, ஒன்று, அரை லிட்டர் குடுவைகளும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், மாற்றும் நாளில் தேடி ஓடக் கூடாது.

நேற்றுக் காலை நாலாம் வருடக் கவாத்து முடித்தேன். மூன்று கொடியிலும் சேர்த்து 38 குச்சி, குச்சிக்கு இரண்டு கணு. வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் துளித் துளியாகச் சொட்டுகிறது. வேர் விழித்துக்கொண்டது.